காளி பந்து

அன்று மதியம் ரோஜாப் பண்ணையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் சுடலைமுத்து சார். கூரை வேலைக்கு மாதேஷ். தண்ணீர்த் தொட்டி மேட்டின் மேல் ரத்னம்மா. மோட்டார் பார்க்கும் முனிராஜ். பேக்கிங் ஷெட்டில் பூ தரம் பிரிக்கும் பெண்கள். மேற்குக் கடைசியில், திரை இறக்கும் கைப்பிடியோடு நான். முதலாளி ஊரில் இல்லை. மேனேஜர் ஓசூரில் பேங்குக்குப் போயிருந்தார்.

இதை எழுதச் சொன்னது நந்தினி மேடம். இப்போது அங்கே சூப்பர்வைசர் அவர்தான். நான் ரிட்டையர் ஆன பிறகு வந்தவர். போன வாரம் போன் செய்தார்.

"பெருமாள் அண்ணா, ஒரு சந்தேகம். ஒடிசாக்காரப் பையன் திரையை மூடச் சொல்லி 'பந்த் கரோ'ன்னான். அதுக்கு ரத்னம்மா கத்திரியைக் கீழ போட்டுட்டு சண்டைக்குப் போயிட்டாங்க. இந்த வார்த்தை இங்க வேணாம்னு ஒரே சத்தம். அவன் அரண்டு போயிட்டான். ஏன்னு கேட்டா அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

சொல்கிறேன் என்றேன். போனில் வேண்டாம், எழுதிக் கொடுங்கள், புது ஆட்களுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். தெரிந்தவரை எழுதுகிறேன்.

எனக்கு மத்தூர்ப் பக்கம். கொஞ்ச காலம் ஓசூர் கம்பெனிகளில் லோடு ஏற்றினேன். கன்னடம் அங்கேதான் வந்தது. பிறகு பாகலூருக்குத் தள்ளி இந்தப் பண்ணை. குழி எடுத்துக் குழாய் நட்ட நாளிலிருந்து இருந்தேன். வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துக் கற்றதுதான்.

பாலிஹவுஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்புக் குழாயில் வளைவு வளைவாகச் சட்டம். அதன் மேல் பால் நிறத்தில் பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டின் ஓரத்தைப் பள்ளமான அலுமினியக் காடியில் வைத்து, நெளிந்த கம்பியை மேலே வைத்து அழுத்த வேண்டும். அந்தக் கம்பிக்கு ஸ்பிரிங் என்று பெயர். கூரை முழுக்க அதன் பிடியில்தான் நிற்கிறது. இரண்டு வளைவு சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் ஓடத் தகரக் கால்வாய் இருக்கும். மேலே வேலை என்றால் அந்தக் கால்வாயில்தான் நடப்போம். சுற்றிலும் பக்கத் திரை. கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும்.

சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. காலையில் மொட்டாக இருக்கிற பூ மதியம் விரிந்துவிடும். விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் திரைகளை எல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே பனி மாதிரி தண்ணீர் அடிப்போம். அப்படித் திறந்து கிடக்கிற நேரம் பார்த்துக் கோடை மழை வரும். முதலில் வருவது மழை இல்லை, காற்று. திறந்த பக்கமாக உள்ளே புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும். வெயிலுக்குத் திறக்க வேண்டும். காற்றுக்கு மூட வேண்டும். இரண்டும் ஒரே மதியத்தில் வரும். எங்கள் வேலையே இதுதான்.

இந்த வருடம் டிவியில் பார்க்கிறேன். வடக்கே அனலில் ஆட்கள் விழுகிறார்கள். கிழக்கே வெள்ளம். இங்கே ஆலங்கட்டி. எல்லாம் ஒரே செய்தியில். இப்போது பண்ணையில் எல்லா ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கினால் ஆளுக்கொரு பக்கம் போனில் அவரவர் ஊர் வானத்தை விசாரிக்கிறார்களாம்.

சுடலைமுத்து சார் தூத்துக்குடிப் பக்கம். சத்தம் போட மாட்டார். காலையில் வந்ததும் ஒவ்வொரு கூரையின் ஓரமாக நடப்பார். கைக்கு எட்டுகிற ஸ்பிரிங்கை எல்லாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அந்த விரல் நகம் கறுத்தே இருக்கும். மேலே ஏறுகிறவனிடம் ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்பிட்டியா வே?"

இல்லை என்றால் ஏற விட மாட்டார். தானே போய் டீயும் பன்னும் வாங்கி வருவார். அவன் தின்று முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பார். மாதேஷ் சில நாள் சாப்பிட்டுவிட்டே இல்லை என்பான், பன்னுக்காக. அவருக்கும் தெரியும். வாங்கித்தான் கொடுப்பார்.

காற்றுக்கு அவர் வைத்த முறை இது. காற்று வருகிற பக்கத்துத் திரையை முதலில் இறக்கு. எதிர்ப்பக்கம் கடைசியில். உள்ளே காற்று புகுந்துவிட்டால் யோசிக்காதே, பிளேடு எடுத்து ஷீட்டைக் கிழி, சட்டமாவது மிஞ்சும். ஆள் மேலே இருக்கும்போது தொட்டி மேட்டில் ஒரு கண் இருக்க வேண்டும். தைல மரங்களுக்கு அந்தப் பக்கம் கிளம்பும் புழுதி அங்கிருந்துதான் தெரியும். கீழே இருக்கிறவனுக்குத் தெரிகிறபோது காற்று தலைக்கு மேல் வந்திருக்கும்.

மேட்டுக்கு ரத்னம்மாதான். நல்ல கண். கர்நாடக எல்லையில் வீடு. வீட்டில் கன்னடம். பண்ணையில் பாதிப் பேர் அப்படித்தான், மீதியில் பாதி தெலுங்கு. சாருக்கு இரண்டும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தமிழ் வரும். மரியாதைக்கு அவரிடம் தமிழிலேயே பேசுவார்கள். நீளமாக ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுவார். அவர் சொல்வதை நான் கன்னடத்தில் சொல்வேன். அவர்கள் சொல்வதைத் தமிழில் அவருக்குச் சொல்வேன். அவருக்கு அது வசதி. எனக்கும் வசதி. அதனால் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது.

அவர் வந்த புதிதில் ஒருநாள் ரத்னம்மா மேட்டிலிருந்து "காளி, காளி" என்று கத்தினார். சார் ஷெட்டிலிருந்து ஓடி வந்தார்.

"யாருக்கு வே சாமி வந்திருக்கு?"

காளி என்றால் இங்கே காற்று. கன்னடத்திலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். சொன்னேன். அவரும் சிரித்தார். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஊருக்குப் போகப் பெட்டியோடு ரோட்டில் நின்றார். பக்கத்தில் டீக்கடைக்காரர், "சார், பஸ் பந்து" என்றார். சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூமுக்கே திரும்பிவிட்டார். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நாங்கள் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாதேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பஸ் போவதைப் பார்த்து சார் வெளியே வந்தார்.

"ஸ்டிரைக்கை வாபஸ் வாங்கிட்டாங்க போல" என்றார்.

அதற்கும் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு போய்விடும். பிறகும் பல வருடம், பஸ் பந்தா என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம்.

விஷயம் இதுதான். கடை பந்து, மோட்டார் பந்து, திரையைப் பந்து பண்ணு என்று இங்கே எல்லோரும் சொல்வோம். நின்றது, மூடியது என்று அர்த்தம். கன்னடத்தில் வந்தது என்பதற்கும் பந்து. அவர்கள் வாயில் இரண்டும் வேறு வேறு. வந்ததற்குக் கடைசி எழுத்து வல்லென்று விழும். நின்றதற்கு மெதுவாக முடியும். தமிழ்க் காதுக்கு அது பிடிபட நாளாகும். எழுதினால் பிடிபடவே படாது. மேலே நான் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டும் ஒரே எழுத்து.

அன்றைக்கு நடந்தது.

காலையிலிருந்து அனல். தகரக் கால்வாயில் கை வைக்க முடியவில்லை. மதியத்துக்கு மேல் சூளகிரிப் பக்கம் கறுத்தது. சார் குரல் கொடுத்தார். கிழக்குத் திரைகளை இறக்கினோம். முதல் காற்று அடித்தது. கொஞ்சம் ஆலங்கட்டியும் விழுந்தது. மூன்றாவது ஹவுஸில் கூரை ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் தெறித்தது. ஷீட் ஒரு கை நீளத்துக்குக் காடியை விட்டு வெளியே வந்து படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த ஹவுஸில் புதுச் செடி. அப்போதுதான் வேர் பிடித்துத் தளிர் விட்டிருந்தது. கடன் வாங்கி நட்டது.

பிறகு எல்லாம் நின்றது. இலை ஆடவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஷீட்டும் தொங்கியது.

கோடைக் காற்றில் இப்படி ஒரு இடைவெளி வரும். அப்படியே ஓய்ந்துவிடுகிற நாளும் உண்டு. வேறு பக்கத்திலிருந்து திரும்பி வருகிற நாளும் உண்டு. ஓய்ந்தது என்றால், ஒரு ஆள் ஏறி ஸ்பிரிங்கை அழுத்திவிட்டு இறங்கலாம். வெற்றிலை போடுகிற நேரம்தான். திரும்பி வருகிறது என்றால் கூரையை விட்டுவிட வேண்டியதுதான். எது என்று கீழே இருந்து தெரியாது.

சார் மேட்டைப் பார்த்துக் கேட்டார். "ரத்னம்மா! காத்து எப்படி?"

நான் பண்ணையின் அந்தக் கடைசியில் இருந்தேன். எனக்கும் கேட்டது.

ரத்னம்மா எப்போதும் சாரிடம், "காத்து வருது சார்" என்றுதான் சொல்வார். அன்று வடக்கே தைல மரங்கள் ஒன்றாகச் சாய்வதைப் பார்த்துவிட்டார். வாயில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"காளி பந்து! சார், காளி பந்து!"

எனக்குப் புரிந்தது. வடக்குத் திரையின் கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்றினேன். சாருக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தோன்றவே இல்லை.

அங்கே என்ன பேசினார்கள் என்பது மாதேஷ் பிறகு சொன்னது.

"சாப்பிட்டியா வே?"

"ஆச்சு சார்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சார். பன்னு நாளைக்கு வாங்கிக்கறன்."

"போ. ஸ்பிரிங்கை அழுத்திட்டு ஒடனே எறங்கிரணும்."

நான் திரும்பியபோது கால்வாயில் மாதேஷின் கால் தெரிந்தது. கத்தினேன். அதற்குள் காற்று வந்துவிட்டது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஷீட் ஒரே இழுப்பில் எழுந்தது. அதன் ஓரத்தில் அவன் கை இருந்தது. விட்டிருக்கலாம். ஸ்பிரிங்கில் பாதி அழுத்தியாயிற்று, மீதியையும் அழுத்திவிடலாம் என்று பார்த்தானாம். அவனைக் கால்வாயிலிருந்து சுழற்றி எடுத்தது. குறுக்குக் குழாயில் இடுப்பு மோதியது. பிறகு செடிப் பாத்தியில் விழுந்தான்.

நான் ஓடிப் போனபோது சார் பிளேடால் ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். மேலே தொங்கிய குழாய் அவன் மேல் விழாமல் இருக்க. ஆலங்கட்டி எங்கள் முதுகில் விழுந்தது. மாதேஷ் கண் திறந்திருந்தான்.

"கால் இருக்குதா பெருமாளு?"

"இருக்குதுடா."

"எனக்குத் தெரியலியே."

பூ ஏற்றும் குளிர் வண்டிதான் வாசலில் நின்றது. பெண்கள் பூப்பெட்டிகளைச் சேற்றில் இறக்கி வைத்தார்கள். அவனைக் கதவுப் பலகையோடு தூக்கி வைத்தோம். உள்ளே குளிர் நடுக்கியது. டிரைவருக்கு மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை. சார் சட்டையைக் கழற்றி அவன் மேல் போட்டார். பிறகு பனியனையும். ஓசூர் வரும்வரை வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தார். ஓசூரில் பார்த்துவிட்டுப் பெங்களூர் போகச் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை. இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை.

மறுநாள் மேனேஜர் எங்களைப் பேக்கிங் ஷெட்டில் நிற்க வைத்தார். முதலாளி போனில் சொல்லிவிட்டார். யாரால் நடந்தது என்று தெரிய வேண்டும், அந்த ஆள் வேலையில் இருக்கக் கூடாது. மேனேஜர் மனதில் ரத்னம்மாதான். அது எல்லோருக்கும் தெரிந்தது. தினக்கூலி. அனுப்பினால் கேட்க ஆள் இல்லை. ரத்னம்மாவின் வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிவிட்டார். இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில்.

"நீ என்னம்மா சொன்னே?"

"காளி பந்துன்னு சொன்னே சார்."

"சுடலை சார், உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"காளி பந்துன்னுதான் சார். அவ நின்னுட்டுன்னு சொன்னதாலதான ஆளை ஏத்துனேன்."

"ஐயோ, நானு அப்படிச் சொல்லவே இல்ல சார்!" ரத்னம்மா அழ ஆரம்பித்தார். "பந்துன்னுதான் சொன்னே. பந்து, பந்துன்னு ரெண்டு தரம் சொன்னே."

"அதைத்தாம்மா நானும் சொல்லுதேன்."

மேனேஜர் சேலத்துக்காரர். தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒண்ணையேதானய்யா சொல்றீங்க. அப்புறம் எதுக்குச் சண்டை?"

பேக்கிங் பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவில் பேசுகிறவன் நான்தானே.

நான் வாயைத் திறப்பதற்குள் சாரே கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"பெருமாளு. கன்னடத்துல வந்துட்டுங்கறதுக்கு என்ன வே?"

"பந்து சார்."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். மனதுக்குள் எதையோ திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பஸ்ஸும் அதில் வந்திருக்கும்.

பிறகு மேனேஜரிடம் சொன்னார். "அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. அவ மேல ஒண்ணுமில்ல. ஆளை ஏத்துனது நான். மொதலாளிகிட்ட அப்படியே சொல்லிருங்க."

ரத்னம்மா, "இல்ல சார், நானு தமிழ்ல சொல்லியிருக்கணும்" என்றார். சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே சாரின் கணக்கைத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரத்னம்மாவுக்கு வேலை இருந்தது. ஆனால் மேட்டில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். மேட்டில் கம்பம் நட்டு, சிவப்புத் துணி ஏற்றினால் ஆபத்து, இறக்கினால் இல்லை என்று வைத்தோம். கத்துவது கிடையாது. பந்து என்ற வார்த்தையை யாரும் சொல்லாமல் விட்டார்கள். யாரும் தடை போடவில்லை. மூடு, நிறுத்து என்று மாற்றிக்கொண்டார்கள். பஸ் வந்தால்கூடக் கன்னடக்காரர்கள் பண்ணைக்குள் தமிழில் வந்தது என்பார்கள். இப்போது காற்று மானியும் சைரனும் இருக்கின்றன. நல்லது. வார்த்தை வேண்டியதில்லை.

மாதேஷ் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறான். மனைவி கம்பெனி கேன்டீனில் வேலை. அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தபடியே செல்போன் ரீசார்ஜ், சிப்ஸ் பாக்கெட் என்று வியாபாரம் செய்கிறான். அங்கே குடியிருக்கிறவர்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவனுக்கு இப்போது இந்தியும் வரும்.

அவன் வியாபாரம் தொடங்கிய புதிதில் ஒருநாள் கேட்டேன், சார் மேல் கோபமா என்று.

"அவரு மேல இன்னாத்துக்குக் கோவம்? உம்மேலதான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அவரு பக்கத்துல இல்லாம நீ எங்க போன?"

"வடக்குத் திரையப் புடிச்சுகினு இருந்தன்டா."

"கைப்பிடி சுத்த எவன் வேணா சுத்துவான். அவருக்குக் காது நீதான?"

ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து வீசினான்.

நான் கைப்பிடியில் நின்றது தப்பில்லை. அங்கே ஆள் வேண்டும். ஆனாலும் அவன் சொன்னது சரி. நான் இருக்கிறேன் என்று அவர் கற்றுக்கொள்ளவில்லை. அவர் என்னைக் கேட்பார் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

சார் கிளம்பிய அன்று நானும் ரத்னம்மாவும் ரோடு வரை போனோம். மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள். அன்றும் வெயில். ரத்னம்மா அவர் காலில் விழப் போனார். அவர் விலகிக்கொண்டார். பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அவர் படியில் கால் வைத்தபோது ரத்னம்மா கன்னடத்தில் சொன்னார்.

"ஹோகி பன்னி, சார்."

சார் திரும்பினார். முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார்.

"பன்னின்னா சொல்லுதா?"

"ஐயோ, இல்ல சார். பன்னின்னா வாங்கன்னு அர்த்தம். போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க."

"வாங்கன்னா?"

"ஆமா சார். பன்னி."

அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

அவர் எங்களோடு இருந்தது பதினாறு வருடம்.